முழங்காலுக்குக் கீழே செயற்கைக்கால்: ராயபுரம் முதல் பெசன்ட் நகர் வரை நேர்ச்சை ஓட்டம் சாத்தியமா?

வண்ணை_அக்கா எழுதியது:

தம்பிக்கு 31 வயது, எடை 72 கிலோ. விபத்துக்குப் பிறகு வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டு இரண்டு வருடம் ஆகிறது. ஸ்டம்ப், அதாவது முழங்காலுக்குக் கீழே மீதமுள்ள கால், நீளம் 14 செ.மீ. ஸ்டம்ப் மேல் உறை போல மாட்டும் சிலிக்கோன் லைனர், அதன் அடியில் செயற்கைக்காலோடு பூட்டும் ஊசி போன்ற பின் லாக், சாச் எனும் சாதாரண செயற்கைப் பாதம். துறைமுகத்தில் கணக்கெழுதும் வேலை, பாதி நாள் நின்றபடிதான். சர்க்கரை வியாதி இல்லை.

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு ராயபுரம் ராயப்பர் கோயிலிலிருந்து பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் வரை வெறுங்காலில் ஓடி வருவதாக நேர்ந்திருக்கிறான். வேளாங்கண்ணிக் கதையில் மோர் விற்ற ஊனமுற்ற பையன் மாதாவின் சொல் கேட்டு எழுந்து நாகப்பட்டினம் வரை ஓடினான் இல்லையா, அதை மனதில் வைத்துத்தான். கையில் ஐந்து மாதம் இருக்கிறது. வீட்டில் பாதிப் பேர் "நேர்ச்சையை மாற்றக் கூடாது" என்கிறார்கள், பாதிப் பேர் "ஸ்டம்ப் புண்ணாகிவிடும், வேண்டாம்" என்கிறார்கள். அவனைத் தடுக்க எனக்கு மனசில்லை. இரண்டு வருடத்தில் அவன் ஆசையாகப் பேசிய முதல் விஷயம் இது.

இந்தக் காலோடு ஓடலாமா? வெறுங்கால் முடியுமா? எங்கே, எப்படிப் பழகுவது? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

பி_அண்ட்_ஓ_தண்டையார்பேட்டை எழுதியது:

அக்கா, முதலில் வெறுங்கால் விஷயம். அதில்தான் ஆபத்து அதிகம்.

செயற்கைக்காலை அலைன்மென்ட் செய்யும்போது, அதாவது பாதத்தின் கோணத்தைச் சரிபார்த்துப் பொருத்தும்போது, தம்பி வழக்கமாகப் போடும் ஷூவின் குதிகால் உயரத்துக்குத்தான் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அது ஒரு சென்டிமீட்டர் அளவு. ஷூவைக் கழற்றினால் குதி அந்த அளவு கீழே இறங்கும், முன்பாதம் மேலே தூக்கும், பாதத்துக்கு மேலே உள்ள பைலான் குழாய் பின்னால் சாயும். ஒவ்வொரு அடியிலும் முழங்கால் பின்பக்கமாகத் தள்ளப்படும். வீட்டுக்குள் பத்தடி நடக்கும்போது இது தெரியாது. ஒரு கிலோமீட்டரில் முழங்காலின் பின்புறம் வலிக்கும், ஸ்டம்ப் உள்ளே உட்காரும் கூடான சாக்கெட்டின் முன்விளிம்பும் ஸ்டம்ப் நுனியும் உரசும். ஓடினால் இன்னும் மோசம். பாதத்தின் மேலுள்ள ரப்பர் உறையும் தார் ரோட்டில் சீக்கிரம் கிழிந்துவிடும்.

வெறுங்காலுக்கென்றே செய்தது ஜெய்ப்பூர் பாதம். ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் 1968-ல் உருவாக்கியது. செருப்பில்லாமல் நடக்க, சம்மணம் போட, குந்தி உட்கார, ஈரத்தில் இறங்க எல்லாவற்றுக்கும் ஏற்றது. ஆனால் அது நடைக்கான பாதம். ரப்பர் கனமானது, தரையை உந்தி மேலே தூக்கும் விசை அதில் குறைவு. நீண்ட ஓட்டத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

தம்பியிடம் இருக்கும் சாச் பாதமும் ஓட்டத்துக்கு இல்லை. உள்ளே கெட்டியான கட்டை, குதியில் மெத்தென்ற ஃபோம், அவ்வளவுதான். ஓடும்போது ஒரு காலில் விழும் விசை உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு. 72 கிலோ ஆளுக்கு 150-லிருந்து 200 கிலோவுக்கு மேல். குதி ஃபோம் நசுங்கிப் போகும், கட்டையும் விரிசல் விடலாம்.

அதற்காக லட்சக்கணக்கில் விலை போகும் பிளேடு, அதாவது ஓட்டத்துக்கென்றே செய்த வளைந்த கார்பன் தகடு, வாங்க ஓட வேண்டாம். பிளேடில் குதியே கிடையாது, அதில் சும்மா நிற்பதே கஷ்டம், தனி சாக்கெட்டும் தனி அலைன்மென்ட்டும் கேட்கும். முழு வழியும் இல்லாமல் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் மெதுவாக ஓடுவதென்றால் தினமும் போடும் வகை கார்பன் பாதம் போதும். வாங்கும்போது எடையை மட்டும் சொல்லாமல் "ஓடப் போகிறேன்" என்றும் சொல்ல வேண்டும். அதே எடைக்கு ஓடுபவருக்கு ஒரு படி விறைப்பான பாதம் கொடுப்பார்கள். கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலும், முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனத்திலும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யுடிஐடி அட்டையோடு போய்க் கேளுங்கள். திட்டத்தில் எந்தப் பாதம் வரும், எதற்குக் கையிலிருந்து போட வேண்டும் என்பதை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பாதத்தைவிட முக்கியம் சாக்கெட். சாக்கெட் சரியில்லாமல் எந்தப் பாதம் போட்டும் பயனில்லை. தம்பி தினமும் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, செயற்கைக்காலை மாட்டும்போது பின் லாக்கில் கேட்கும் "கிளிக்" எண்ணிக்கை. வழக்கத்தைவிடக் குறைந்தால் ஸ்டம்ப் முழுதாக இறங்கவில்லை, அதோடு ஓடவே கூடாது. கூடினால் ஸ்டம்ப் சுருங்கி ஆழமாக இறங்குகிறது, லைனர் மேல் சாக்ஸ் சேர்க்க வேண்டும். இரண்டு, கழற்றியதும் தோலின் சிவப்பு. பத்து நிமிடத்தில் மறைந்தால் பரவாயில்லை. இருபது நிமிடம் கழித்தும் அதே இடத்தில் நின்றால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. கொப்புளமோ தோல் உரிந்த இடமோ தெரிந்தால் ஆறும்வரை காலையே மாட்டக் கூடாது.

பின் லாக்கில் இன்னொரு தொல்லை. கால் காற்றில் இருக்கும் நேரத்தில் செயற்கைக்காலின் எடை முழுக்க அந்த ஒரு பின்னில் தொங்கும், ஸ்டம்ப் நுனிச் சதையைக் கீழே இழுக்கும். ஓடும்போது இந்த இழுப்பு நிமிடத்துக்கு எழுபது எண்பது தடவை. நுனி ஊதா நிறத்தில் கன்றிப் போவது இதனால்தான். சாக்கெட்டையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் முழங்கால் ஸ்லீவ் ஒன்றை மேலே போட்டால் எடை பங்கு போகும், லாக் ஒருவேளை விடுபட்டாலும் கால் கழன்று ஓடாது.

---

காலை5மணி எழுதியது:

மேலே பி அண்ட் ஓ (செயற்கைக்கால் பொருத்தும் நிபுணர்) அண்ணன் சொன்னதை முடித்த பிறகுதான் இது. புதுப் பாதம் போட்டு அலைன்மென்ட் சரியாகும்வரை ஓட்டம் வேண்டாம், நடையும் பயிற்சியும் மட்டும்.

ஓட ஆரம்பிக்கத் தகுதி என்னவென்றால், நிற்காமல் 45 நிமிடம் நடந்து ஸ்டம்ப்பில் நிற்கும் சிவப்பு வரக் கூடாது, செயற்கைக்காலில் மட்டும் பத்து வினாடி நிற்க வேண்டும், 15 செ.மீ. படியில் செயற்கைக்காலை முதலில் வைத்து இருபது தடவை ஏற வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சரியாமல். மூன்றாவதில்தான் பெரும்பாலோர் மாட்டுவார்கள். இடுப்பின் பக்கவாட்டுத் தசை பலவீனமாகியிருக்கும். தினமும் பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது 15 தடவை மூன்று செட், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது அதே கணக்கு. கூடவே குப்புறப் படுப்பது காலையும் மாலையும் 15 நிமிடம். பாதி நாள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்பின் முன்பக்கத் தசை சுருங்கும். சுருங்கினால் தொடை பின்னால் போகாது. தொடை பின்னால் போகாமல் ஓட்டமே இல்லை.

முதல் ஒரு மாதம் இது மட்டும். அடுத்த மாதம் 30 வினாடி ஓட்டம், 2 நிமிடம் நடை, எட்டுத் தடவை, வாரத்துக்கு மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. மூன்றாவது மாதத்தில் ஓட்டமும் நடையும் 2-க்கு 1. நான்காவது மாதத்தில் 5 நிமிடம் ஓடி 1 நிமிடம் நடை. தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டக் கூடாது. கடைசி இரண்டு வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறைக்க வேண்டும். இதற்கு வெளியே ஞாயிறுகளில் நீண்ட நடை: 4 கிலோமீட்டரில் தொடங்கி ஜூலை கடைசிக்குள் 12-க்கு வர வேண்டும். இரண்டு வாரம் கூட்டினால் மூன்றாவது வாரம் குறைப்பு.

ஓடும் முறையில் எல்லோரும் செய்யும் தவறு, செயற்கைக்காலை வீசி முன்னால் எறிவது. அப்படி விழுந்தால் குதி இடித்து அதிர்ச்சி நேராக ஸ்டம்ப்பில் ஏறும். உடம்புக்கு நேர் கீழே வைத்து, தொடையால் பின்னால் இழுக்க வேண்டும். அடி சின்னதாக, சத்தம் ஒரே சீராக. இடது "தப்", வலது "டொக்" என்று வித்தியாசமாகக் கேட்டால் நல்ல காலில் அதிக நேரம் நிற்கிறான் என்று அர்த்தம். செயற்கைக்காலோடு ஓடிய கனடாக்காரர் டெர்ரி ஃபாக்ஸ் ஓடும் வீடியோவைப் பார்த்து நல்ல காலில் இரண்டு குதி குதிக்கப் பழகுகிறவர்கள் உண்டு. அவர் 1980-ல் 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார், ஆனால் அவருக்குப் போனது முழங்காலுக்கு மேலே. அந்தக் காலத்துச் செயற்கை முழங்கால் திரும்பி நேராக நேரம் எடுத்ததால்தான் அந்த இரண்டாவது குதி. தம்பிக்குச் சொந்த முழங்கால் இருக்கிறது. அந்தக் குதி தேவையில்லை, இடது குதிகாலுக்கும் முழங்காலுக்கும் அது கெடுதல்.

இடம்: எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலைப் பக்கம் போகவே வேண்டாம், கன்டெய்னர் லாரி வரிசை. திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரமும் சரிவராது, வடிகால் மூடிகள் ஒன்று மேடு ஒன்று பள்ளம். ரோட்டின் ஓரம் சாக்கடைப் பக்கமாகச் சரிந்திருக்கும் என்பதையும் கவனியுங்கள். இடது ஓரமாகப் போனால் வலது கால் மேட்டில் இருக்கும், செயற்கைக்கால் நீளமாகிவிட்டது போலத் தோன்றும், முன்பாதம் தட்டும். காலை ஐந்து மணிக்கு மாதவரம் பால்பண்ணைக்குள் சாலைகள் நல்லது, மர நிழல் உண்டு, வண்டி குறைவு. வாரம் ஒரு தடவை மெரினா நடைபாதை. கடற்கரை மணல் மெத்தென்று இருக்கிறதே என்று இறங்க வேண்டாம். பாதம் புதையும், கணுப் பகுதிக்குள் மணல் போகும், ஸ்டம்ப் சாக்கெட்டுக்குள் திருகும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர்வைதான் பெரிய எதிரி. லைனருக்குள் வேர்வை நின்றால் லைனர் வழுக்கும், வழுக்கினால் கொப்புளம். ஓட்டம் 15 நிமிடம் ஆனதும் உட்கார்ந்து கழற்றி, ஸ்டம்ப்பையும் லைனர் உள்பக்கத்தையும் துடைத்து மாட்ட வேண்டும். உள்ளே பவுடர் போடக் கூடாது, வேர்வையோடு சேர்ந்து உருண்டு தோலை அரைக்கும். இரவில் லைனரைத் திருப்பி, மணமில்லாத சோப்பில் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். இரண்டு லைனர் இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம்.

---

ஞாயிறு_மறைக்கல்வி எழுதியது:

சகோதரி, நேர்ச்சையை மாற்றக் கூடாது என்று வீட்டில் சொல்வது பற்றி. தனிப்பட்ட நேர்ச்சையை மாற்றத் திருச்சபையே வழி வைத்திருக்கிறது. திருச்சபைச் சட்டம் 1197: நேர்ந்தவரே அதை அதற்குச் சமமான அல்லது மேலான நற்செயலாக மாற்றிக்கொள்ளலாம். குறைவானதாக மாற்ற வேண்டுமென்றால் விலக்களிக்கும் அதிகாரம் உள்ளவரிடம் போக வேண்டும். 1196-ன்படி உங்கள் பங்குத்தந்தைக்கு அந்த அதிகாரம் உண்டு. பூசை முடிந்து பத்து நிமிடம் கேட்டுப் பேசினால் போதும். தம்பியே நேரில் போவது நல்லது, பெரியவர்களில் "மாற்றக் கூடாது" என்று சொல்பவர் ஒருவரையும் கூடவே அழைத்துப் போங்கள். சாமியார் வாயால் கேட்டால் வீட்டில் பேச்சு அடங்கும்.

எப்படி மாற்றலாம் என்றால், 15 கிலோமீட்டர் அளவுள்ள வழியில் போர் நினைவுச் சின்னத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை ஓட்டம், அது மூன்றரை கிலோமீட்டர் அளவு, சமதளம். மற்றதெல்லாம் ஜெபமாலையோடு நடை. ஐந்து மாதமாக விடியற்காலையில் எழுந்து செய்யும் பயிற்சியையும் நேர்ச்சையின் பகுதியாக ஒப்புக்கொடுக்கலாம். ஒரு நாள் வெறுங்கால் ஓட்டத்தைவிட இது சிறியது என்று யாரும் சொல்ல முடியாது.

மோர்க்காரப் பையன் கதையில் நாம் அடிக்கடி விட்டுவிடும் ஒன்று உண்டு. கால் குணமானதோடு அவன் அங்கேயே நின்று கொண்டாடவில்லை. நாகப்பட்டினத்தில் இருந்த பெரியவரிடம் ஆலயம் எழுப்பச் சொல்லும்படி மாதா கொடுத்த செய்தியைச் சுமந்துகொண்டு ஓடினான். குணமானதற்குச் சான்று காட்ட ஓடிய ஓட்டம் இல்லை அது. "விசுவாசம் இருந்தால் உனக்கும் கால் சரியாகியிருக்கும்" என்று வழியில் யாராவது தம்பியிடம் சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள், ஆனால் கேட்பவர் உடைந்து போவார். பவுல் தன் உடலில் தைத்த முள்ளை எடுக்கச் சொல்லி மூன்று முறை மன்றாடினார், முள் எடுக்கப்படவில்லை, அருள் போதும் என்ற பதில்தான் வந்தது. அவருடைய விசுவாசத்தை யார் குறை சொல்வது? தம்பி இதை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

கொடியேற்றம் மாலையில். மதியத்திலிருந்து அடையாறு தாண்டிக் காவியுடைக் கூட்டம் நெருக்கும், அந்த நெருக்கலில் செயற்கைக்கால் மிதிபடும், யாராவது இடித்தால் சமாளிக்க இடம் இருக்காது. விடிவதற்கு முன் மூன்று மணிக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குள் கோயிலில் இருக்கலாம்.

---

வண்ணை_அக்கா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சாமியாரிடம் ஞாயிற்றுக்கிழமை போகிறோம். பாதம் இன்னும் மாற்றவில்லை. நேற்று 40 நிமிடம் நடந்து பார்த்தான். காலையில் மாட்டும்போது 4 கிளிக், நடை முடிவில் அழுத்திப் பார்த்தால் 7. கழற்றினால் ஸ்டம்ப் நுனியிலும் முழங்கால் சிப்பிக்குக் கீழேயும் சிவப்பு, அரைமணி நேரம் நின்றது. சாக்கெட் மாற்ற வேண்டுமா? அப்புறம், கோயில் வளாகத்துக்குள்ளாவது வெறுங்காலில் போக ஆசைப்படுகிறான்.

---

பி_அண்ட்_ஓ_தண்டையார்பேட்டை எழுதியது:

உடனே சாக்கெட் மாற்ற வேண்டாம் அக்கா. 4-லிருந்து 7 என்றால் நடக்க நடக்க ஸ்டம்ப் சுருங்கி அடியில் போய் இடிக்கிறது. நீங்கள் சொல்லும் இரண்டு இடமும் அதற்குப் பொருந்துகிறது. ஒரு பிளை, மூன்று பிளை, ஐந்து பிளை (பிளை என்பது தடிமன் அளவு) ஸ்டம்ப் சாக்ஸ் வாங்கி வையுங்கள். நுனியில் பின் வர ஓட்டை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சிவப்பு மறைந்த பிறகு, நடையின் பாதியில் நிறுத்தி ஒரு பிளை போட்டுக் கிளிக் எண்ணுங்கள். மறுபடி 4-க்கோ 5-க்கோ வந்தால் சரி, வரவில்லையென்றால் மூன்று பிளை. சாக்ஸின் ஓரம் பின்னோடு லாக்குக்குள் போகாதபடி நுனியை இழுத்துச் சரிசெய்துவிட்டு மாட்ட வேண்டும். நூல் சிக்கினால் பொத்தானை அழுத்தினாலும் கால் கழன்று வராது, ரோட்டில் அது பெரிய அவதி. எல்லாம் சேர்த்துப் பத்து பிளைக்கு மேல் தேவைப்பட ஆரம்பித்தால் அப்போது புது சாக்கெட். அந்த வேலையை ஜூன் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். புது சாக்கெட்டுக்குத் தோல் பழகவே சில வாரம் வேண்டும்.

சிவப்பு அரைமணி நேரம் நின்றதால் இரண்டு நாள் நடை வேண்டாம், படுத்துச் செய்யும் பயிற்சி மட்டும்.

வளாகத்துக்குள் வெறுங்கால் என்றால் வழி இருக்கிறது. ஷூவின் குதி உயரத்துக்குச் சமமாகக் கெட்டியான ரப்பரில் ஒரு குதி ஆப்பு வெட்டி, செயற்கைப் பாதத்தின் அடியில் பட்டையால் கட்டிக்கொள்ளலாம். உங்கள் பி அண்ட் ஓ அரைமணி நேரத்தில் செய்து தருவார். அலைன்மென்ட் மாறாது, மெதுவாக நூறு இருநூறு அடி நடக்கலாம், ஓடக் கூடாது. இடது கால் உண்மையாகவே வெறுங்காலாக இருக்கும். அந்தக் காலுக்குத்தான் இனி வாழ்நாள் முழுக்க இரட்டை வேலை, அதனால் வெயில் ஏறிய கல்தரையில் வைக்க வேண்டாம், எட்டு மணிக்குள் போவது அதற்கும் நல்லது. ஆப்பைக் கட்டி வீட்டு மொட்டை மாடியில் சில தடவை நடந்து பழகிவிட்டு வரட்டும்.

---

காலை5மணி எழுதியது:

அன்றைக்கு நிறுத்த வேண்டிய இடங்களையும் இப்போதே குறித்துவிடுங்கள்: பீச் ஸ்டேஷன், போர் நினைவுச் சின்னம், கலங்கரை விளக்கம், சாந்தோம், அடையாறு பாலம் தாண்டி ஒன்று. ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம், கழற்றி, துடைத்து, கிளிக் எண்ணி மாட்டுவது. நடை நான்கு கிலோமீட்டர் வேகம் என்று வைத்தாலும் ஐந்து மணி நேரம் கணக்கு சரியாக வரும்.

கூட ஒருவர் பையோடு வர வேண்டும். இரண்டாவது லைனர், மூன்று அளவு சாக்ஸ், இரண்டு சின்னத் துண்டு, ரப்பர் ஆப்பு, மடக்கும் ஊன்றுகோல் ஒரு ஜோடி, ஒரு லிட்டரில் கரைத்த ஓஆர்எஸ் ஒரு பாக்கெட். தாகம் வரும்வரை காத்திருக்காமல் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அரை டம்ளர். காலில் தோல் பரப்பு குறைந்திருப்பதால் உடம்பு சூட்டை வெளியேற்ற மற்ற இடங்கள் அதிகம் வேர்க்கும், உப்பு சீக்கிரம் இறங்கும். வழியில் தண்ணீர்ப் பந்தலில் சர்பத்தும் மோரும் அன்போடு கொடுப்பார்கள், மோர் குடிக்கலாம்.

ஊன்றுகோலை வீட்டில் விட்டுவிட வேண்டாம் என்று தம்பியிடம் அழுத்திச் சொல்லுங்கள் அக்கா. கொப்புளம் வந்தால் அந்த இடத்தோடு காலைக் கழற்றிவிட்டு, மீதி வழியை ஊன்றுகோலிலோ ஆட்டோவிலோ போகலாம். அப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.